மச்சாள் கனடாவில் இருந்து அனுப்பும் மெலிவு ஊசியைப் போடலாமா?

நிலாவெளியில் இருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார். வயது 38, உயரம் 155 சென்ரிமீற்றர், எடை 86 கிலோ. நாலு வருடமாகச் சீனி வருத்தம், அதற்கு மெட்போமினும் கிளிக்லசைட்டும் எடுக்கிறார். குடும்பக் கட்டுப்பாட்டுக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் ஊசி. கனடாவில் இருக்கும் மச்சாள் கிழமைக்கு ஒருமுறை போடும் ஊசியால் 15 கிலோ குறைந்துவிட்டாராம், ஆவணியில் ஊருக்கு வரும்போது இவருக்கும் இரண்டு பேனை (பேனை வடிவில் வரும் ஊசி) கொண்டு வருவாராம். "டொக்டரிடம் காட்டாமல் போடலாமா அக்கா? மாமி வாயைக் கட்டினால் போதும், ஊசி எதற்கு என்கிறார், யார் சொல்வது சரி?" இதுதான் கேள்வி.

நான் திருகோணமலையில் பார்மசியில் நிற்கும் மருந்தாளர், 19 வருடமாகிறது. மச்சாள் கொண்டு வரும் ஊசியைப் போட வேண்டாம். அதற்காக இந்த மருந்தே உங்களுக்கு வேண்டாம் என்று நினைத்துவிடாதீர்கள், அது வேறு கதை. நீங்கள் எழுதியதைப் பார்த்தால் இந்த மருந்து யாருக்காகச் செய்யப்பட்டதோ அந்த ஆட்களில் ஒருவராகத்தான் தெரிகிறீர்கள். உங்கள் உடல் திணிவுச் சுட்டி, பிஎம்ஐ என்று சொல்வது, 35.8 வருகிறது. பொதுவாக 30க்கு மேலே இருந்தால், அல்லது 27க்கு மேலே இருந்து சீனி, பிரஷர் போன்ற ஒன்று கூட இருந்தால் எடை குறைப்பு மருந்தைப் பற்றி யோசிக்கலாம் என்பதுதான் கணக்கு. எங்கள் பக்கத்து ஆட்களுக்கு இன்னும் குறைந்த எடையிலேயே வயிற்றைச் சுற்றிக் கொழுப்பு சேர்ந்து சீனி வந்துவிடுகிறது, அதனால் ஆசியர்களுக்கு 23ஐத் தாண்டினாலே கவனிக்க வேண்டும், 27.5ஐத் தாண்டினால் ஆபத்து அதிகம் என்று உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2004இலேயே சொல்லியிருக்கிறது.

மாமி சொல்வதில் பாதி உண்மை, பாதி பிழை. வாயைக் கட்டினால் எடை குறையும். ஆனால் குறைந்த எடையிலேயே நிற்க உடம்பு விடாது. பசி கூடும், உடம்பு செலவழிக்கும் சக்தி குறையும், பலரைக் காலப்போக்கில் பழைய இடத்துக்குக் கொண்டு வந்துவிடும். இதை மன உறுதி இல்லாததால் வந்தது என்று ஒரு பெண்ணுக்குச் சொல்வது எனக்குக் கோபம் வரவைக்கும் விஷயம். பிரஷருக்குக் குளிசை எடுப்பவரை யாரும் "மனசைக் கட்டுப்படுத்து" என்று சொல்வதில்லையே.

சரி, இந்த ஊசி என்ன செய்கிறது? நாங்கள் சாப்பிட்டதும் குடலில் இருந்து ஜிஎல்பி-1 என்ற ஒரு ஹோர்மோன் சுரக்கும். கணையத்துக்கு இன்சுலின் விடச் சொல்லும், இரைப்பை மெல்ல வெறுமையாகச் செய்யும், மூளைக்குப் "போதும்" என்று சொல்லும். இயற்கையான ஹோர்மோன் இரத்தத்தில் சில நிமிடத்தில் உடைந்துவிடும். செமாகுளுடைட் என்ற மருந்து அதே வேலையைச் செய்யும், ஆனால் அதில் பாதி உடைவதற்கே ஒரு கிழமை ஆகும், அதனால்தான் கிழமைக்கு ஒரு ஊசி போதும். இந்த வகை மருந்துகளில் முதலாவது அமெரிக்கப் பாலைவனத்தில் வாழும் கிலா என்ற விஷப் பல்லியின் எச்சிலில் கண்டுபிடித்த ஒரு பொருளில் இருந்து வந்தது, 2005இல் சீனி வருத்தத்துக்காக அனுமதி கிடைத்தது. அந்தப் பல்லிக்கும் எங்கள் புட்டுக்கும் இப்படி ஒரு தொடர்பு வரும் என்று யார் நினைத்தார்!

செமாகுளுடைட் ஊசியின் முக்கியமான பெயர்கள் இரண்டு. ஒசெம்பிக் சீனி வருத்தத்துக்கு, 2017இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. வெகோவி எடை குறைப்புக்கு, 2021இல். உள்ளே மருந்து ஒன்றுதான், அளவு வேறு. டிர்செபடைட் என்பது இன்னொன்று, ஜிஎல்பி-1 ஓடு ஜிஐபி என்ற இரண்டாவது ஹோர்மோனின் வேலையையும் செய்யும். அமெரிக்காவில் மவுஞ்சாரோ என்ற பெயரில் சீனிக்கு, செப்பவுண்ட் என்ற பெயரில் எடைக்கு. அதற்கு முன்பிருந்தே லிராகுளுடைட் இருக்கிறது, அது ஒவ்வொரு நாளும் போட வேண்டும், எடை குறைவதும் குறைவு.

எவ்வளவு குறையும் என்பதில் உங்களுக்கு ஒரு முக்கியமான விஷயம் இருக்கிறது. சீனி வருத்தம் இல்லாத சுமார் 2000 பேரிடம் செமாகுளுடைட் 2.4 மில்லிகிராமை 68 கிழமை கொடுத்துப் பார்த்தபோது சராசரியாக 14.9 வீதம் எடை குறைந்தது. மருந்தில்லாத வெறும் ஊசி போட்டவர்களுக்கு 2.4 வீதம். விளம்பரத்தில் வருவது இந்த எண்தான். ஆனால் சீனி வருத்தம் உள்ளவர்களிடம் அதே அளவைக் கொடுத்தபோது 9.6 வீதம்தான் குறைந்தது. உங்கள் 86 கிலோவுக்கு அது கிட்டத்தட்ட 8 கிலோ, அதுவும் ஒரு வருடத்துக்கு மேல் எடுத்து. டிர்செபடைட் என்றால் சீனி உள்ளவர்களுக்கு 72 கிழமையில் 13இல் இருந்து 15 வீதம் வரை, 11இல் இருந்து 13 கிலோ. மச்சாளுக்குச் சீனி இல்லை என்று நினைக்கிறேன், அதனால் அவருடைய 15 கிலோவை உங்கள் கணக்கில் போட்டுக்கொண்டு பிறகு மனம் உடையாதீர்கள். 8 கிலோ என்பது சின்ன விஷயம் இல்லை. 4, 5 கிலோ குறைந்தாலே சீனியும் பிரஷரும் ஈரல் கொழுப்பும் இறங்கத் தொடங்கும். ஏற்கனவே இருதய வருத்தம் உள்ள, சீனி இல்லாத 17,604 பேரிடம் செய்த ஆய்வில் செமாகுளுடைட் எடுத்தவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம், இருதய மரணம் எல்லாம் சேர்த்து 20 வீதம் குறைந்தது என்று 2023இல் வெளிவந்தது. அழகுக்கான மருந்தாக இதைப் பார்க்க வேண்டாம் என்று நான் எல்லோரிடமும் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

இனி மச்சாளின் பேனையை ஏன் வேண்டாம் என்கிறேன் என்பதற்கு வருகிறேன்.

முதல் காரணம் உங்கள் கிளிக்லசைட். இந்த ஊசி தனியாகவோ மெட்போமினோடோ இருந்தால் சீனியை ஆபத்தான அளவுக்கு இறக்குவது அரிது. கிளிக்லசைட், கிளிபென்கிளமைட், டொல்பியூட்டமைட் போன்ற குளிசைகளோ இன்சுலினோ கூட இருந்தால் கதை வேறு. அந்தக் குளிசை நீங்கள் சாப்பிட்டீர்களா இல்லையா என்று பார்க்காமல் இன்சுலினைச் சுரக்கவைக்கும், ஊசியோ உங்களைப் பாதிச் சாப்பாட்டோடு எழும்ப வைக்கும். போன வருடம் ஒரு அம்மா எங்கள் கவுண்டருக்கு முன்னால் நின்று மருந்துத் துண்டை நீட்டினார், துண்டு நனைந்திருந்தது. வெயில் வியர்வை என்று நினைத்தேன். கையைத் தொட்டுப் பார்த்தால் ஐஸ் மாதிரிக் குளிர், விரல் நடுக்கம், பெயரைக் கேட்டால் பதில் சொல்ல யோசிக்கிறார். மெஷினில் சீனியைப் பார்த்தேன், 48, மிகக் குறைவு. மூன்று கரண்டி குளுக்கோஸ் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்துத் திரும்பப் பார்த்து, பிறகுதான் விசாரித்தேன். மகன் வெளிநாட்டில் இருந்து கொடுத்துவிட்ட ஊசியை மூன்று கிழமையாகப் போடுகிறார், குளிசையைக் குறைக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. வைத்தியர் இந்த ஊசியைத் தொடங்கும்போது அந்தக் குளிசையைப் பெரும்பாலும் பாதியாக்குவார் அல்லது நிறுத்துவார். எவ்வளவு என்பது உங்கள் எச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரிச் சீனி) எவ்வளவு இருக்கிறது என்பதைப் பொறுத்தது, அதை நானோ மச்சாளோ சொல்ல முடியாது.

அடுத்தது அளவு. செமாகுளுடைட்டை 0.25 மில்லிகிராமில் தொடங்கி நாலு கிழமை, பிறகு 0.5இல் நாலு கிழமை, பிறகு 1, 1.7, கடைசியில் 2.4 என்று படிப்படியாக ஏற வேண்டும். ஒவ்வொரு படியிலும் வயிறு பழக வேண்டும். மச்சாள் இப்போது போடுவது கடைசிப் படியாக இருக்கலாம். அந்தப் பேனையை அப்படியே நீங்கள் போட்டால் அன்று இரவே சத்தி தொடங்கி இரண்டு நாள் நிற்காமல் போகலாம். இன்னொன்று, சில வீடுகளில் அக்காவும் தங்கச்சியும் ஒரே பேனையை ஊசி நுனியை மட்டும் மாற்றிப் போடுகிறார்கள். வேண்டவே வேண்டாம். நுனியை மாற்றினாலும் இரத்தம் பேனைக்குள் பின்னால் போகலாம், ஈரல் அழற்சி, எச்ஐவி எல்லாம் அப்படிப் பரவலாம்.

அப்புறம் குளிர். திறக்காத பேனையை 2இல் இருந்து 8 பாகைக்குள், ஃபிரிஜ்ஜில் வைக்க வேண்டும். ஒசெம்பிக்கைப் பாவிக்கத் தொடங்கிய பிறகு 30 பாகைக்குக் கீழே 56 நாள் வெளியில் வைக்கலாம் என்று பெட்டியில் இருக்கும், அதை வாசித்துவிட்டு "வெளியில் வைக்கலாமாம்" என்பார்கள். கச்சான் காற்று வீசும் காலத்தில் எங்கள் எந்த வீட்டு அறை 30 பாகைக்குக் கீழே இருக்கிறது? ஒருவர் கட்டுநாயக்காவில் இருந்து வானில் ஆறு மணித்தியாலம், நடுவில் ஹபரணையில் தேத்தண்ணிக்கு இறங்கி ஏறி, ஒரு பேனையை ஐஸ் கட்டிக்கு நடுவில் துவாயில் சுற்றிக் கொண்டு வந்து காட்டினார். பாவம், கவனமாகத்தான் கொண்டு வந்திருக்கிறார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன், கண்ணாடிக் குழாய்க்குள் மருந்து தண்ணி மாதிரித் தெளிவாக இருக்க வேண்டும், உள்ளே ஓர் ஓரமாக வெள்ளையாய் உறைந்து நின்றது. ஒருமுறை உறைந்தால் அந்த மருந்து முடிந்தது, பிறகு உருகித் தெளிவாகத் தெரிந்தாலும் போடக் கூடாது. ஃபிரிஜ்ஜிலும் ஐஸ் தட்டுக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள், நடுத்தட்டுதான் நல்லது. இதோடு போலிப் பேனைகளும் உலாவுகின்றன. போலி ஒசெம்பிக் பற்றி உலக சுகாதார நிறுவனமே 2024 ஆனியில் எச்சரிக்கை விட்டது. இங்கே வாங்கும்போது தேசிய மருந்துகள் ஒழுங்குமுறை அதிகாரசபையில் பதிவு செய்த மருந்தா என்று கேளுங்கள், பில் எடுங்கள். பேஸ்புக்கில் இன்பொக்ஸ் பண்ணச் சொல்பவரிடம் ஊசி வாங்காதீர்கள்.

உங்கள் மூன்று மாத ஊசியைப் பற்றி நீங்கள் போகிற போக்கில் எழுதியிருந்தீர்கள், எனக்கு அங்கேதான் கண் நின்றது. அந்த ஊசியால் சிலருக்கு எடை கூடும். கிளிக்லசைட்டும் கொஞ்சம் கூட்டும். எடை குறைக்க ஒரு மருந்தைச் சேர்ப்பதற்கு முன்னால், எடை கூட்டும் மருந்து ஏதாவது ஏற்கனவே துண்டில் இருக்கிறதா என்று பார்ப்பதுதான் ஒழுங்கு. பிரட்னிசொலோன், அமிட்ரிப்டிலின், ஒலான்சபின், வலிப்புக்குக் கொடுக்கும் வல்புரோவேற், இன்சுலின் எல்லாம் அந்தப் பட்டியலில் வரும். இவற்றை நீங்களாக நிறுத்தக் கூடாது, ஆனால் மாற்ற வழி இருக்கிறதா என்று கேட்கலாம். கிளிக்லசைட்டுக்குப் பதிலாக எம்பாகிளிப்ளோசின், டபாகிளிப்ளோசின் வகைக் குளிசை பொருந்தினால் சீனியும் இறங்கும், இரண்டு மூன்று கிலோவும் குறையும், ஊசியை விடச் செலவும் குறைவு. குடும்பக் கட்டுப்பாட்டு ஊசியை விட்டுக் குளிசைக்கு மாறுவதாக இருந்தால் இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும்: டிர்செபடைட் அந்தக் குளிசையின் வேலையைக் குறைக்கும், தொடங்கிய நாலு கிழமையும் ஒவ்வொரு முறை அளவு கூட்டிய பின் நாலு கிழமையும் ஆணுறை போன்ற வேறு பாதுகாப்பும் வேண்டும். இன்னொரு பிள்ளை வேண்டும் என்று நினைத்தால் செமாகுளுடைட்டைக் குறைந்தது இரண்டு மாதத்துக்கு முன்பே நிறுத்திவிட வேண்டும்.

வேறு மருந்துகளையும் சுருக்கமாகச் சொல்கிறேன். ஓர்லிஸ்டற் 120 மில்லிகிராம், சாப்பாட்டோடு மூன்று வேளை. சாப்பிட்ட கொழுப்பில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கைக் குடல் உறிஞ்ச விடாமல் தடுக்கும், அது அப்படியே வெளியே வரும். தேங்காய்ப் பால் சொதியும் பொரித்த மீனும் சாப்பிட்டுவிட்டு அதை எடுத்தால் உடுப்பில் எண்ணெய் படும், அவசரமாக ஓட வேண்டி வரும். பாதுகாப்பான மருந்துதான், ஆனால் பாதியில் விடுபவர்கள் நிறையப் பேர். ஃபென்டர்மின் பழைய மருந்து, 1959இல் வந்தது, சில கிழமைகளுக்கு மட்டும் என்று அனுமதித்தது, பிரஷரும் நெஞ்சுப் படபடப்பும் கூட்டும். உங்களுக்கு அது வேண்டாம். "மூலிகை மெலிவுக் குளிசை", "பத்து நாளில் பத்து கிலோ" தேயிலை, இவற்றுக்கு நான் மிகவும் பயப்படுகிறேன். சிபுட்ரமின் என்ற மருந்து மாரடைப்பும் பக்கவாதமும் கூடுகிறது என்று 2010இல் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் திரும்பப் பெறப்பட்டது, இன்றும் அதை இரகசியமாகக் கலந்து மூலிகை என்று விற்றுப் பிடிபட்ட கதை பல நாட்டில் இருக்கிறது. அதைக் குடித்துப் பசி அடங்கினால் சந்தோஷப்படாதீர்கள், பயப்படுங்கள்.

ஊசியின் பக்க விளைவுகளில் குமட்டல், சத்தி, மலச்சிக்கல், வயிற்றோட்டம், நெஞ்செரிவு எல்லாம் சாதாரணம், அளவு கூட்டும் நாட்களில் அதிகம், பெரும்பாலும் குறைந்துவிடும். ஆனால் எங்கள் ஊர் வெயிலில் சத்தியும் வயிற்றோட்டமும் இரண்டு நாள் போனால் உடம்பில் தண்ணி வற்றிச் சிறுநீரகம் பாதிக்கும். தாகம் எடுக்காவிட்டாலும் குடியுங்கள். நோன்பு பிடிப்பவர்களும் கந்தசஷ்டி விரதம் இருப்பவர்களும் அந்த நாட்களில் அளவு கூட்டுவதைத் தள்ளி வைக்கச் சொல்லி முன்கூட்டியே வைத்தியரிடம் கதைக்க வேண்டும். மேல் வயிற்றில் தொடங்கி முதுகுக்குப் போகும் கடும் வலி, கண் மஞ்சளாவது, சிறுநீர் போகாதது, திடீரென்று பார்வை மங்குவது, இவற்றில் எது வந்தாலும் அடுத்த கிளினிக் நாள் வரை காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வேகமாக மெலிந்தால் பித்தப்பைக் கல்லும் வரலாம். வேறு காரணத்துக்காக மயக்க மருந்து கொடுத்து ஒப்பரேஷன் செய்வதாக இருந்தால் இந்த ஊசி போடுகிறேன் என்று கட்டாயம் சொல்ல வேண்டும், ஏனென்றால் வெறும் வயிறு என்று நினைக்கும் வயிற்றுக்குள் சாப்பாடு இன்னும் இருக்கலாம்.

யாருக்குக் கூடாது? குடும்பத்தில் மெடுலரி வகைத் தைரொயிட் புற்றுநோய் இருந்தவர்களுக்கும், மென்-2 என்ற பரம்பரைச் சுரப்பி நோய் உள்ளவர்களுக்கும், கர்ப்பிணிகளுக்கும் கூடாது. கணைய அழற்சி வந்தவர்கள் பெரும்பாலும் தவிர்க்க வேண்டும். சாதாரணத் தைரொயிட் குறைவுக்குக் குளிசை எடுப்பவர்கள் பயப்படத் தேவையில்லை, இதை நிறையப் பேர் குழப்பிக்கொள்கிறார்கள். உங்களுக்குச் சீனி இருப்பதால் தொடங்க முன்னால் விழித்திரையைக் காட்டிக்கொள்ள வேண்டும், சீனி மளமளவென்று இறங்கும்போது ஏற்கனவே பாதித்த கண் கொஞ்ச காலம் மோசமாகலாம்.

குறைவது முழுக்கக் கொழுப்பு இல்லை, தசையும் சேர்ந்து போகும். பசி குறைந்ததும் எங்கள் பெண்கள் முதலில் விடுவது மீனை, பிள்ளைகளுக்கு வைத்துவிட்டு ஒரு பிடி புட்டும் சம்பலும் சாப்பிட்டு எழும்புவார்கள். தலைகீழாகச் செய்யுங்கள். முதலில் மீன், முட்டை, பருப்பு, பிறகு மரக்கறி, இடம் இருந்தால் புட்டு. கிண்ணியாத் தயிர் நல்லதுதான், பாணி ஊற்றாமல். நடப்பதோடு கிழமையில் இரண்டு மூன்று நாள் தண்ணிப் போத்தலையாவது தூக்கிப் பயிற்சி செய்யுங்கள்.

கடைசியாக, நிறுத்தினால் என்ன ஆகும் என்பது. நான் முதலில் சொன்ன அந்த ஆய்வில் 68 கிழமைக்குப் பிறகு ஊசியை நிறுத்தியவர்களை ஒரு வருடம் தொடர்ந்து பார்த்தார்கள், குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்ப வந்துவிட்டது. மச்சாள் கொண்டு வரும் இரண்டு பேனை எத்தனை மாதத்துக்குப் போதும் என்று கணக்குப் பாருங்கள். ஆரம்ப அளவுகளிலேயே முடிந்துவிடும், அந்த அளவுகள் எடை குறைப்பதற்காக அல்ல, வயிற்றைப் பழக்கத்தான். எனவே இங்கே ஒரு மாதத்துக்கு என்ன விலை என்று கேட்டு, 12ஆல் பெருக்கி, இரண்டு மூன்று வருடம் கட்டுமா என்று வீட்டுக்காரரோடு இருந்து கதைத்த பிறகுதான் தொடங்க வேண்டும். நகை அடகு வைத்து நாலு மாதம் போட்டுவிட்டு நிறுத்தியவர்களை நான் பார்த்திருக்கிறேன், எடையும் திரும்பி வந்தது, வட்டியும் மிஞ்சியது.

இப்போது செய்ய வேண்டியது: அடுத்த கிளினிக் நாளில் உங்கள் கிளினிக் கொப்பி, எடுக்கும் எல்லாக் குளிசைகளின் அட்டை, மூன்று மாத ஊசி அட்டை மூன்றையும் கொண்டு போங்கள். "எடை குறைக்க மருந்து வேண்டும்" என்று வெட்கப்படாமல் வாய் திறந்து சொல்லுங்கள். எச்பிஏ1சி, சிறுநீரகத்துக்குக் கிரியற்றினின், ஈரல், தைரொயிட் பரிசோதனை கேளுங்கள். கிளிக்லசைட்டை மாற்றலாமா என்று கேளுங்கள். ஊசி என்று முடிவானால் யார் அளவைக் கூட்டுவது, சத்தி வந்தால் யாருக்கு அழைப்பது என்று அங்கேயே எழுதிக்கொண்டு வாருங்கள். பேனை கையில் கிடைத்ததும் எங்கள் கடைக்கோ உங்களுக்குப் பக்கத்துப் பார்மசிக்கோ கொண்டு போங்கள், முதல் ஊசியை எப்படி வயிற்றில் போடுவது, எத்தனை விநாடி அழுத்திப் பிடிப்பது என்று காட்டித்தரச் சொல்லுங்கள், ஐந்து நிமிட வேலை.

மச்சாள் அன்பாகத்தான் கேட்கிறார், அவரை மறுத்து மனம் நோகச் செய்ய வேண்டாம். சீனி பார்க்கும் உங்கள் மெஷினின் பெயரை அனுப்பி, அதற்குப் பொருந்தும் ஸ்ட்ரிப் பெட்டி இரண்டு கொண்டு வரச் சொல்லுங்கள். குளிசை மாற்றும் முதல் மாதம் ஒரு நாளைக்கு இரண்டு தரம் பார்க்க வேண்டி வரும், அப்போது அது உதவும்.